தேக்கைத் தின்பதும் கண்ணாவைத் தின்பதும் ஒரே புழுவா?

வாசகர் கேள்வி – பதில்

மழை தொடங்கிய பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புழு, விட்டில், அந்துப்பூச்சி பற்றியவை. அவற்றில் நான்கு தேக்கிலை தின்னி என்ற ஒரே பூச்சியைச் சுற்றி வருகின்றன. ஆகவே அவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் தருகிறோம்.

உன்னிச்சைப் பக்கத்தில் எங்கள் காணியில் 40 தேக்கு மரங்கள் நிற்கின்றன. ஆறு வயது. ஐப்பசி மழைக்குத் துளிர்த்து இரண்டு கிழமைதான் ஆனது. மூன்றே நாளில் இலையெல்லாம் நரம்பாகிவிட்டன. மரத்தடியில் கறுப்புப் புழுக்கள் நூலில் தொங்குகின்றன. பக்கத்துக் காணி அண்ணன் மருந்தடிக்கச் சொல்கிறார். இது என்ன புழு? மரம் பட்டுப் போகுமா?
– வாசகர், உன்னிச்சை

மரம் பட்டுப் போகாது. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

இளந்துளிர், மூன்று நாள், நூலில் இறங்கும் கறுப்புப் புழு. இவை மூன்றும் ஒன்றாக வந்தால் அது தேக்கிலை தின்னி. விஞ்ஞானப் பெயர் ஹிப்ளியா பியூரா. உறுதிசெய்ய, கீழே விழுந்த இலை ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுநரம்பும் தடித்த பக்க நரம்புகளும் மட்டும் நின்று, இடையிலிருந்த பச்சை முழுவதும் போயிருந்தால் இந்தப் புழுதான். சின்னஞ்சிறு நரம்புகள்கூட அறாமல், இலை பழுப்பு வலைபோல நின்றால் அது வேறு பூச்சி. அதன் பெயர் பலிகா மகோராலிஸ். அது இலையின் பச்சையைச் சுரண்டித் தின்னும், வலையை விட்டுவைக்கும். முதலாவது துளிரைத் தேடி வரும். இரண்டாவது இலை முற்றிய பிறகு வரும். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி மருந்தும் காலமும் தவறிப்போனவர்கள் பலர்.

இன்னும் இலை மிஞ்சியிருக்கும் கிளை ஒன்றைத் தாழ்த்திப் பிடித்து, இலையின் ஓரத்தைப் பாருங்கள். புழு ஓரத்தில் இரண்டு வெட்டு வெட்டி, அந்தத் துண்டை மேலே மடித்து, நூலால் தைத்து, அதற்குள் இருந்தபடி தின்னும். மடிப்பை நகத்தால் பிரித்தால் வெள்ளை நூல் இழுபட்டு விடும். உள்ளே புழுவும் மிளகுத்தூள்போல அதன் எச்சமும் கிடக்கும். கூட்டமாக வளர்ந்த புழு கறுத்து, உடலோரம் செம்மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடு போட்டிருக்கும். ஒன்றிரண்டாகத் தனித்து வளர்ந்தால் அதே புழு பச்சை கலந்த நிறத்தில் இருக்கும். போன வருடம் பச்சைப் புழு, இந்த வருடம் கறுப்புப் புழு என்று இரண்டு பீடையாகக் கணக்கெடுக்க வேண்டாம்.

தாய்ப்பூச்சி துளிர் இலையின் அடிப்பக்கத்தில் நரம்போரமாக முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். இரண்டு நாளளவில் பொரிக்கும். முதல் இரண்டு பருவத்தில் புழு இலைப்பரப்பைச் சுரண்டும். மூன்றாம் பருவத்திலிருந்து மடிப்புக்குள் போகும். ஐந்து பருவமும் முடிய, நம் வெப்பத்தில் 10 முதல் 12 நாள் போதும். பிறகு நூலில் இறங்கி, சருகுக்குள்ளோ மேல்மண்ணிலோ கூட்டுப்புழுவாகி, 6 முதல் 8 நாளில் பூச்சியாக வெளிவரும். நீங்கள் நூலில் கண்ட புழுக்களில் பெரும்பாலானவை தின்று முடித்து இறங்கியவை. அவற்றின்மேல் மருந்தடிப்பது, கள்ளன் போன பிறகு கதவைப் பூட்டுவது. வெளிவரும் பூச்சிகளும் பெரும்பாலும் அதே மரத்தில் தங்குவதில்லை. உங்கள் தேக்கில் இப்போது அவற்றின் பிள்ளைகளுக்குத் துளிர் இல்லை. கூட்டமாக வேறு இடம் தேடிப் போய்விடும்.

நட்டம் இல்லையென்று சொல்லவில்லை. கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் நிலம்பூர்த் தோட்டங்களில் 4 முதல் 8 வயது வரையான தேக்குகளை ஐந்து வருடம் அளந்து, 1985-இல் அறிக்கை வெளியிட்டது. இந்தப் புழு தின்ற மரங்கள், காப்பாற்றப்பட்ட மரங்கள் போட்டிருக்கக்கூடிய புதிய மரக்கனத்தில் 44 சதவீதத்தை இழந்திருந்தன. இலை வலையாக்கும் மற்றப் பூச்சியால் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை என்றும் அதே ஆய்வு காட்டியது. ஆகவே இழப்பு மரத்தின் உயிரில் அல்ல, அதன் பருமனில். நுனிமொட்டைத் தின்றுவிட்டால் இளமரம் இரண்டு கவராகப் பிரிந்து வளரும். அது பலகைக்குக் கூடாது. இப்போதே பார்த்து, கவர் விட்ட கன்றுகளில் நேரான கிளையை வைத்து மற்றதை நறுக்கிவிடுங்கள். இந்த வேலையால் வரும் பயன் மருந்தால் வராது.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு வயதுத் தேக்கின் உச்சிக்குத் தோள் தெளிகருவி எட்டாது. எட்டிய அளவுக்கு அடித்தாலும் மடிப்புக்குள் இருக்கும் புழுவில் படாது. புழுவைத் தின்ன வரும் மைனாவுக்கும் காகத்துக்கும் குளவிக்கும்தான் படும். பக்கத்துக் காணி அண்ணனிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். நாற்றுமேடையிலும் ஆளுயரத்துக்குக் குறைந்த கன்றுகளிலும் மட்டும் செய்யத்தக்க வேலை உண்டு. மடிந்த இலைகளைக் கையால் நசுக்குவது முதலாவது. அளவு மீறினால் பசிலஸ் துரின்ஜியென்சிஸ் என்ற பற்றீரியா அடங்கிய உயிர்ப் பீடைகொல்லியை, உறையில் எழுதிய அளவில், பின்னேரத்தில், இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்கலாம். காலையில் அடித்தால் வெயில் அதை அழித்துவிடும். புழு பெருத்த பிறகு அடித்தால் பயனில்லை. முட்டை பொரித்த முதல் நான்கைந்து நாள்தான் அதற்குரிய காலம்.

சில புழுக்கள் தளர்ந்து, தலைகீழாகத் தொங்கி, தொட்டால் நீராக உடைவதைக் காண்பீர்கள். அது அந்தப் புழுவுக்கே உரிய வைரசு நோய். கேரளத்தில் அந்த வைரசையே வளர்த்துத் தேக்குத் தோட்டங்களில் தெளித்துக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் காணியில் அது தானாக வந்திருந்தால் தொடாமல் விட்டுவிடுங்கள்.

தேக்கிலை தின்னி எந்தக் குடும்பம்? ஒரு நூலில் நொக்டுயிடே என்றும், இன்னொன்றில் பைரலிடேக்கு அருகில் என்றும், இணையத்தில் ஹிப்ளியிடே என்றும் இருக்கிறது. மாணவருக்கு எதைச் சொல்வது?
– ஆசிரியை, கல்லடி

ஹிப்ளியிடே என்றே சொல்லுங்கள். மற்ற இரண்டும் பிழையான அச்சு அல்ல. அவை அந்தந்தக் காலத்து அறிவு.

1777-இல் ஒல்லாந்தரான பீட்டர் கிராமர் இதற்குப் பலேனா பியூரா என்று பெயரிட்டார். அக்காலத்தில் அந்துப்பூச்சிகள் எல்லாவற்றையும் பலேனா என்ற ஒரே சாதிக்குள் போடும் வழக்கம் இருந்தது. 1793-இல் பெப்ரிசியஸ் ஹிப்ளியா என்ற சாதியைத் தனியே பிரித்தார். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கை, இந்தியப் பூச்சிகளைப் பட்டியலிட்டவர்கள் இதை நொக்டுயிடேயில் வைத்தார்கள். காரணம் தோற்றம்தான்: தடித்த உடல், மங்கிய முன்சிறகு, நிறம் ஒளித்த பின்சிறகு. அந்தக் காலத்தின் பெரும் உழைப்பு பிரெடரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இலங்கை லெப்பிடோப்டெரா (வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி) நூல். அதன் வண்ணப் படங்களுக்கு மூலம் பேராதனைத் தாவரவியல் பூங்காவோடு சேர்ந்து வேலைசெய்த டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள் உயிருள்ள புழுக்களைப் பார்த்து வரைந்தவை. அந்தப் படங்களை மாணவருக்குக் காட்டுங்கள். புழு எந்த இலையில் இருந்தது என்பதையும் சேர்த்து வரைந்த கை அது.

குடும்பம் மாறியதற்குக் காரணம் உடலுக்குள் இருக்கிறது. நொக்டுயிடேப் பூச்சிக்கு வெளவாலின் ஒலி கேட்கும் செவிப்பறை மார்பின் பின்பகுதியில் உண்டு. பைரலிடேக்கு அது வயிற்றின் அடியில் உண்டு. ஹிப்ளியாவுக்கு இரண்டு இடத்திலும் இல்லை. அதற்குப் பதிலாக முகத்தைப் பாருங்கள். உதட்டு உணரிகள் முன்னோக்கி நீண்டு, பக்கத்திலிருந்து பார்த்தால் கிளியின் அலகுபோல ஒரு மூக்கு தெரியும். சாதாரண கைவில்லை போதும். ஆகவே தனிக் குடும்பம், அதற்கு மேலே தனிப் பெருங்குடும்பம். குடும்பம் மிகச் சிறியது. இரண்டு சாதிகள், சுமார் 20 இனங்கள், அவ்வளவே. மரபணு ஆய்வுகள் வந்த பிறகும் பெருங்குடும்பங்களுக்குள் இதன் சரியான அயலவர் யார் என்ற விவாதம் முடியவில்லை.

மாணவருக்கு எழுதிக் கொடுக்க: வருணம் லெப்பிடோப்டெரா, குடும்பம் ஹிப்ளியிடே, சாதி ஹிப்ளியா, இனம் ஹிப்ளியா பியூரா.

இது வெறும் பெயர்ச் சண்டை என்று ஒதுக்குபவர்களுக்கும் ஒரு சொல். பெண்பூச்சியின் வாசனையால் ஆண்பூச்சியை இழுக்கும், கடையில் கிடைக்கும் பாலுணர்வுப் பொறிகள் குறிப்பிட்ட இனத்துக்கென்றே செய்யப்பட்டவை. படைப்புழுவுக்குரிய பொறியை வாங்கித் தேக்கில் தொங்கவிட்டால் ஒரு ஹிப்ளியாகூட விழாது. காசு போவது பெயர் தெரியாததால்தான்.

பாலமீன்மடுப் பக்கம் வாவியோரக் கண்ணா மரங்கள் சில நாளில் மொட்டையாகின. யாரோ மருந்து கொட்டிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. இலை மடிப்புக்குள் கறுப்புப் புழு கண்டேன். கடந்த இதழில் தேக்கில் வரும் புழுவின் படம் போட்டிருந்தீர்கள். அதேபோல் இருக்கிறது. தேக்கும் கண்ணாவும் எங்கே, ஒரே புழுவா?
– மீன்பிடிச் சங்க உறுப்பினர், மட்டக்களப்பு

பெயரளவில் ஒன்றே. ஹிப்ளியா பியூரா, அவிசினியா சாதியைச் சேர்ந்த சதுப்புநில மரமான கண்ணாவையும் தின்னும். மும்பைக் கழிமுகக் கண்ணாக் காடுகளில் இது அடிக்கடி வந்து இலையுதிர்க்கும். பிரேசிலின் வடகரையில் அவிசினியா ஜேர்மினன்ஸ் என்ற அந்த ஊர்க் கண்ணாவைக் கூட்டமாக மொட்டையடித்ததை 2005-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை பதிவுசெய்தது. ஆகவே இலை மடிப்பில் புழுவைக் கண்ட பிறகு மருந்துப் பேச்சை நிறுத்தலாம். நஞ்சு கொட்டினால் இலை கருகித் தொங்கும், நரம்பு மட்டும் மிஞ்சாது. பக்கத்தில் நிற்கும் தில்லையும் கண்டலும் பச்சையாக நின்று, கண்ணா மட்டும் மொட்டையாகியிருந்தால் அதுவே அடுத்த சாட்சி.

தேக்கும் கண்ணாவும் எங்கே என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. பழைய தாவர நூல்களில் இரண்டும் வெர்பினேசியே என்ற ஒரே குடும்பத்தில் இருந்தன. இன்றைய வகைப்பாட்டில் தேக்கும் நொச்சியும் துளசியின் குடும்பத்துக்குப் போய்விட்டன. கண்ணா, கனகாம்பரத்தின் குடும்பத்துக்கு வந்துவிட்டது. இந்தப் புழு தின்னும் இன்னொரு கூட்டம் பிக்னோனியேசியே, ஊதுகுழல்போலப் பூக்கும் அழகு மரங்கள். மூன்று குடும்பமும் லேமியேல்ஸ் என்ற ஒரே வருணத்துக்குள் வருகின்றன. புழுவின் சாப்பாட்டுப் பட்டியல் தாறுமாறானது அல்ல.

கண்ணா மீண்டும் துளிர்க்கும். உதிரும் எச்சமும் இலைத் துணுக்கும் சேற்றில் விழுந்து நண்டுக்கும் சிற்றுயிர்களுக்கும் உணவாகும். செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று: வாவியோரத்தில் எந்தப் பூச்சிமருந்தும் அடிக்க விடாதீர்கள். வயலில் சாதாரணமாக அடிக்கும் பைரித்ரொயிட் வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. 56 கிலோமீற்றர் நீள வாவி, கடலுக்கு வாய் இரண்டே இடத்தில், பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும். வாய் மணல்மூடிக் கிடக்கும் காலத்தில் விழுந்த நஞ்சு வெளியே போக வழியில்லை. சங்கத்தில் இதை எடுத்துச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஆசியா, ஆப்பிரிக்கா, பிரேசில் எல்லா இடத்திலும் இருக்கும் தேக்கிலை தின்னி ஒரே இனமா? நம் மாவட்டத்தில் எங்கெங்கே இருக்கிறது என்று பதிவுசெய்ய மாணவர் நாங்கள் என்ன செய்யலாம்? படம் எடுத்து இணையத்தில் போட்டால் போதுமா?
– மாணவி, வந்தாறுமூலை

இந்தப் பூச்சியின் மையமான கேள்வி இதுதான். இலங்கை, இந்தியா, தென்கிழக்கு ஆசியா, நியூகினி, வட அவுஸ்திரேலியா, பசிபிக் தீவுகள், ஆப்பிரிக்கா, கரிபியன், மத்திய, தென் அமெரிக்கா என்று இந்தப் பெயர் பரவிக் கிடக்கிறது. ஆனால் ஆசியாவில் தேக்கின் பெரும் பீடையாக நூறு வருடத்துக்கு மேல் அறியப்பட்ட பூச்சி, அமெரிக்கக் கரையில் தேக்கைத் திரளாகத் தாக்கத் தொடங்கியது 1990-களில்தான். ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கலாம் என்று வகைப்பாட்டாளர் சந்தேகிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த முடிச்சை அவிழ்க்கத் தேவையானவை மூன்று: எந்த மரத்தில் வளர்ந்தது, எந்த இடம், எந்த நாள். விளக்கில் விழுந்த பூச்சியின் படத்தில் முதலாவது இல்லை. அது தேக்கிலிருந்து வந்ததா கண்ணாவிலிருந்து வந்ததா என்று படம் சொல்லாது. ஆகவே புழுவைப் பிடித்து வளர்த்துப் பூச்சியாக்குங்கள்.

வளர்க்க இரண்டு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டி போதும். மூடியின் நடுவை வெட்டி நுளம்புவலை ஒட்டுங்கள். அடியில் இரண்டு விரல் தடிப்புக்குச் சலித்த மணல், கையில் பிடித்தால் உருண்டையாகும் ஆனால் நீர் சொட்டாத ஈரத்தில். அதன்மேல் ஒரு பிடி சருகு. காம்பில் ஈரப் பஞ்சு சுற்றிய துளிர் இலை இரண்டு. பெட்டிக்கு ஐந்து புழுவுக்கு மேல் வேண்டாம். காலையில் எச்சத்தைக் கொட்டி, இலையை மாற்றுங்கள். தேக்கில் எடுத்த புழுவுக்குத் தேக்கிலை, கண்ணாவில் எடுத்ததற்குக் கண்ணா இலை. ஒன்றாகப் போட்டுக் கலந்தால் பதிவு பாழ். பெட்டியின் மேலேயே இலையின் பெயரையும் எடுத்த நாளையும் எழுதி ஒட்டுங்கள்.

பிழைக்கும் இடங்கள்: மூடியை வலையில்லாமல் இறுக்கினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் படும் யன்னலில் வைத்தால் ஒரே மத்தியானத்தில் எல்லாம் செத்துவிடும். எறும்பு வரும், பெட்டியை நீர் ஊற்றிய தட்டில் வைத்த கல்லின்மேல் ஏற்றுங்கள். ஒரு புழு நீராக உடைந்தால் உடனே அந்தப் பெட்டியைத் தனியே வைத்து, கையையும் அடுத்த பெட்டியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கூட்டுப்புழுவிலிருந்து பூச்சிக்குப் பதில் ஈயோ சிறு குளவியோ வந்தால் எறிந்துவிடாதீர்கள். அது இந்தப் புழுவின் இயற்கை எதிரி. அதுவும் ஒரு பதிவு.

வெளிவந்த பூச்சியின் சிறகு விரிந்து காய இரண்டு மணித்தியாலம் விடுங்கள். 3 முதல் 4 சென்ரிமீற்றர் அகலம். உட்காரும்போது காய்ந்த இலைபோல முன்சிறகை மூடிக்கொள்ளும். அடையாளம் இருப்பது பின்சிறகில், கறுப்பில் செம்மஞ்சள் பட்டைகளாக. அதைப் படமெடுக்க, பூச்சியைச் சிறு கண்ணாடிப் போத்தலில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். உறைபெட்டியில் வைக்க வேண்டாம், செத்துவிடும். எடுத்ததும் மெல்லிய தூரிகையால் முன்சிறகை முன்னே தள்ளினால் பின்சிறகு தெரியும். இரண்டு நிமிடம் அசையாது. மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து முகம் தெரிய ஒன்று, அடிமட்டத்தை அருகில் வைத்து ஒன்று. போன் கமெராவுக்கு இது போதும்.

கண்ணாவைக் கண்ணா என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவிசினியா மரினாவுக்கு இலை நுனி கூராகி, அடிப்பக்கம் சாம்பல் வெள்ளையாக இருக்கும். பூ சின்னது. அவிசினியா ஒபிசினாலிசுக்கு இலை நுனி வட்டம். பூ அதைவிடப் பெரிது, நாற்றம் உண்டு. இலையின் இரண்டு பக்கத்தையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்தால் யாரும் பின்னர் சரிபார்க்கலாம்.

விளக்கு வைத்துப் பார்ப்பதும் உதவும். இரண்டு மீற்றர் வெள்ளைத் துணியைக் கயிற்றில் கட்டி, கீழ்விளிம்பை ஒரு முழம் தரையில் விரித்துவிடுங்கள். விழும் பூச்சி அதில்தான் கிடக்கும். மஞ்சள் எல்ஈடி குமிழுக்கு ஒன்றும் வராது, அதில் ஊதாக்கடந்த கதிர் இல்லை. ஊதாக்கடந்த கதிர்க் குழல் விளக்கை 12 வோல்ட் பற்றரியில் போடலாம். பாதரச ஆவிக் குமிழ் இன்னும் நன்று, ஆனால் சூடேறிய கண்ணாடியில் ஒரு துளி மழை பட்டால் வெடிக்கும், அந்தக் குமிழை நேரே பார்க்கவும் கூடாது. அமாவாசையை அண்டிய, காற்றில்லாத, புழுங்கும் இரவே சிறந்தது. கச்சான் காற்று வீசும் இரவில் துணியைச் சுருட்டி வையுங்கள். உன்னிச்சை, வெல்லாவெளி, புல்லுமலைப் பக்கம் காட்டோரத்தில் இரவில் உட்கார வேண்டாம். அங்கே யானை வரும். வீட்டு முற்றமே போதும்.

படத்தை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் போடலாம். ஆனால் அந்தத் தளம் தானாகச் சொல்லும் பெயரை அப்படியே ஏற்காதீர்கள். அது கற்றது பெரும்பாலும் வேறு நாட்டுப் படங்களில். செத்த பூச்சி கிடைத்தால் ஒரு காலை 95 சதவீத மதுசாரத்தில் போட்டுக் குளிரில் வையுங்கள். பிற்காலத்தில் மரபணுக் கோடு வாசிக்க அந்த ஒரு கால் போதும். போமலின் ஊற்றினால் மரபணு கெட்டுவிடும். வனஜீவராசிகள் ஒதுக்கிடத்துக்குள் அனுமதியின்றி எதையும் பிடிப்பது குற்றம். அனுமதியில்லாமல் மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் அப்படியே. வளாகத்துத் தேக்கும் வாவியோரக் கண்ணாவும் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு இரண்டு இலையிலும் ஒரே கிழமையில் புழு எடுத்து வளர்க்க முடியும். அந்தச் சோடிப் பதிவு விலைமதிப்பானது. தயவுசெய்து செய்யுங்கள்.

தென்னையின் அடியோலைகள் நெருப்புப் பட்டதுபோல் காய்ந்துவிட்டன. பார்ப்பவர்கள் வெண் ஈ என்கிறார்கள், வரட்சி என்கிறார்கள். மேலோலை பச்சையாகவே இருக்கிறது.
– வாசகர், திருக்கோவில்

ஓர் ஈர்க்கை முறித்து அடிப்பக்கம் திருப்புங்கள். வெண் ஈ என்றால் வெள்ளை மாவும் மேலே கரும்பூஞ்சணமும் இருக்கும். வரட்சி என்றால் ஒன்றும் இருக்காது. நூலும் எச்சமும் சேர்த்துக் கட்டிய பழுப்புக் குழாய்கள் நீளவாட்டில் ஒட்டியிருந்தால் அது கருந்தலைப் புழு. குழாயைக் கிழித்தால் பச்சை கலந்த உடலும் கறுத்த தலையுமாகப் பின்னோக்கி ஓடும். இதன் பூச்சியைத் தென்னை வளர்ப்பவர்களே பெரும்பாலும் கண்டதில்லை. சாம்பல் நிறம், 2 சென்ரிமீற்றர் சொச்சம், பகலில் ஓலையடியில் அசையாமல் இருக்கும்.

பழைய கையேடுகளில் இதை நெபன்டிஸ் செரினோபா என்று காண்பீர்கள். மெய்ரிக் 1905-இல் வைத்த பெயர் அது. ஆனால் வாக்கர் 1864-இலேயே ஒபிசினா அரெனோசெல்லா என்று பெயரிட்டிருந்தார். இரண்டும் ஒன்றே என்று பின்னர் தெரிந்ததும், விதிப்படி மூத்த பெயர் நின்றது. இப்போது சைலோரிக்டிடே குடும்பம். கடைக்காரர் பழைய பெயர் சொன்னாலும் பூச்சி இதுதான்.

செய்ய வேண்டியது: மோசமாகக் காய்ந்த அடியோலை இரண்டு மூன்றை வெட்டி அன்றே எரியுங்கள். குவித்து வைத்தால் கூட்டுப்புழு பூச்சியாகிப் பறந்துவிடும். பச்சை ஓலையில் கை வைக்காதீர்கள், அதிகம் வெட்டினால் காய்ப்புக் குறையும். இதன் ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்த்து விடுவது பழகிப்போன முறை. ஆனால் விடும் நாள் முக்கியம். இலங்கையில் இந்தப் புழு ஒரே சமயத்தில் எல்லாம் முட்டை, எல்லாம் புழு, எல்லாம் கூடு என்று அலையலையாக வருகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம். கோனியோசஸ் குளவி வளர்ந்த புழுவைத்தான் தாக்கும், கூட்டுப்புழுவைத் தாக்கும் குளவிகள் வேறு. கூடு நிறைந்திருக்கும்போது கோனியோசசை விட்டால் அது பசியில் சாகும். ஆகவே தென்னைப் பயிர்ச்செய்கைச் சபை அலுவலரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். நான்கைந்து மரத்திலிருந்து பத்துப் பத்து ஈர்க்கை ஒரு பையில் கட்டிக்கொண்டு போங்கள். அவர் பிரித்துப் பார்த்தால் எந்தப் பருவம் என்று அங்கேயே சொல்லிவிடலாம். இதற்கிடையில் மருந்தடித்தால் இருக்கும் குளவிகளும் போய், அடுத்த சுற்றுப் புழு இன்னும் பெருகும்.

வயலோர விளக்குக்கு மஞ்சள் விட்டில் கொத்தாக வருகிறது. சிலதில் கறுப்புப் புள்ளி, சிலதில் இல்லை. இரண்டு வகையா?
– விவசாயி, சம்மாந்துறை

ஒரே வகையாகத்தான் இருக்கும். மஞ்சள் தண்டு துளைப்பான், ஸ்கிர்போபாகா இன்சர்டுலாஸ். பெண்ணுக்கு மஞ்சள் முன்சிறகில் ஒவ்வொரு கறுப்புப் புள்ளி தெளிவாக இருக்கும். ஆண் சிறிது, மண்ணிறம், புள்ளிகள் மங்கல். பழைய நூல்களில் பைபங்டிபர் என்றும் டிரைபோரைசா என்றும் வருவதும் இதுவே. முட்டைக் குவியல் இலை நுனிப்பக்கம், பழுப்பு மயிர் மூடி, சிறு பஞ்சுத் துண்டுபோல இருக்கும். நாற்று நடுவோருக்கு நுனியைக் கிள்ளி நடச் சொல்வார்கள். அம்பாறையில் பெரும்பாலும் வீசி விதைப்பதால் அது நமக்குப் பயன்படாது. வரம்போடு நடந்து குவியலைக் கிள்ளி எடுப்பதும், ஒரு கண்டத்தில் எல்லாரும் ஒரே கிழமையில் விதைப்பதும், அறுவடைக்குப் பின் அடித்தாளை உழுது புரட்டுவதுமே நமக்குரியவை. விளக்கில் விட்டில் கூடிய நாளைக் குறித்து வைத்து, ஒரு கிழமை கழித்துக் குருத்து வாடுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் விவசாயப் போதனாசிரியரை அழையுங்கள்.

அலரிச் செடியில் பெருவிரல் பருமனில் பச்சைப் புழு. தலைக்குப் பின்னால் நீலக் கண் இரண்டு. பிள்ளைகள் பயப்படுகிறார்கள். கொட்டுமா?
– வாசகி, காத்தான்குடி

கொட்டாது, கடிக்காது. நீலக் கண் உண்மையான கண் அல்ல, பறவையை மிரட்டும் புள்ளி. டப்னிஸ் நேரியை என்ற பருந்து அந்தின் புழு. லின்னேயஸ் 1758-இலேயே பெயரிட்டது. நந்தியாவட்டையிலும் வரும். அலரிப் பால் நஞ்சு என்பதால் புழுவையோ இலையையோ தொட்ட பிள்ளைகள் கையைக் கழுவட்டும். பச்சை மாறிச் செம்மண்ணிறமானதும் புழு செடியை விட்டு இறங்கிச் சருகுக்குள் போகும். அந்த மூலையை மூன்று கிழமைக்குக் கூட்டி எரிக்காமல் விட்டால், இளம்பச்சையும் ரோசாவும் கலந்த சிறகோடு ஒரு மாலையில் வெளிவருவதைப் பிள்ளைகளே பார்க்கலாம்.